எஸ்.எஸ்.பி (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்முகச் சுற்று) அழைப்பு வந்துவிட்டது, என்.டி.ஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

சத்திரத்துப்பையன்:

அண்ணன்கள் அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, கணக்கு உயிரியல் பிரிவு. பத்தாவது வரை தமிழ்வழி. செப்டம்பரில் மதுரைக்குப் போய் என்.டி.ஏ எழுத்துத் தேர்வு எழுதினேன். பாஸாவேன் என்று நானே நினைக்கவில்லை, ரிசல்ட்டில் என் நம்பரைப் பார்த்துவிட்டு ஹால் டிக்கெட்டை எடுத்து மூன்று தடவை சரிபார்த்தேன். இப்போது பெங்களூரில் எஸ்.எஸ்.பிக்குத் தேதி வந்திருக்கிறது.

சந்தேகம் நிறைய இருக்கிறது. ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேச வராது, நாலு வரி சேர்ந்தாற்போல் பேசினால் வியர்த்துவிடும். இந்தி சுத்தமாகத் தெரியாது. அப்பா காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன், செலவு எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியில் பி.டி சார் என் காலைப் பார்த்துவிட்டு உனக்குத் தட்டைப் பாதம் மாதிரி இருக்கிறதே, மெடிக்கலில் தூக்கிவிடுவார்கள் என்கிறார். ஒரு கோச்சிங் சென்டரில் பத்து நாளைக்கு 25 ஆயிரம் கேட்கிறார்கள், சேர வேண்டுமா? அப்புறம் அம்மா. யாரோ சொல்லி, அங்கே புதுப் பையன்களைப் போட்டு அடிப்பார்களாம் என்று ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே போனவர்கள், பிள்ளையை அனுப்பியவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள், நல்லதோ கெட்டதோ.

ரெண்டுதடவை_ரிட்டர்ன்:

தம்பி, முதலில் வாழ்த்து. லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள், கடைசியில் எடுப்பது 400 சொச்சம் பேரை. கணக்கு 300, பொதுத் திறன் 600, ஆக 900 மார்க் தேர்வைக் கோச்சிங் இல்லாமல் தாண்டியிருக்கிறாய். எஸ்.எஸ்.பிக்கும் அதே 900. எழுத்தில் தட்டுத்தடுமாறிப் பாஸானவன் இங்கே மேலே போவதும், அங்கே மேலே இருந்தவன் இங்கே வெளியே வருவதும் சகஜம்.

என் கதை பெயரிலேயே இருக்கிறது. முதல் தடவை முதல் நாள் மதியமே பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டார்கள். ரெண்டாவது தடவை ஐந்து நாளும் இருந்து, தேர்வாளர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கும் கடைசிக் கான்ஃபரன்ஸில் வெளியே போனேன். முதல் தடவைக்கு முன்னால் நானும் ஒரு கோச்சிங்கில் பணம் கட்டினேன் (பெயர் வேண்டாம்). அவர்கள் கதையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எந்தப் படம் காட்டினாலும் ஹீரோ ஒரு படித்த இளைஞன், கிராமத்துக்கு வருவான், ரோடு சரியில்லை, கலெக்டருக்கு மனு கொடுத்து, ஊரைத் திரட்டி ரோடு போட்டுவிடுவான். முதல் நாள் வடிகட்டும் சுற்றான ஸ்கிரீனிங்கில் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நாலு நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பேசியவன் ரோடு போட்டான். நானும் ரோடு போட்டேன். எதிரே இருந்த ஒருத்தனும் ரோடு போட ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்தான். மூன்று பேரும் ஒரே கோச்சிங். நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சிரிப்பை அடக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் 25 ஆயிரம் வேண்டாம் என்பது என் கருத்து. படத்தைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது. கதை சொல்லி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும், அப்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தி சந்தைக்கடை ஆகிவிடும். ஒட்டன்சத்திரத்துக்காரனுக்குச் சந்தைக்கடை புதுசா என்ன? கத்தாமல், மூச்சு வாங்கும் இடைவெளி பார்த்து ரெண்டு வாக்கியம் உள்ளே விட்டால் போதும். உன் ஆங்கிலத்தில் இலக்கணம் தப்பினால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள், வாயைத் திறக்காவிட்டால் அனுப்புவார்கள். தினமும் பத்து நிமிடம் உன் ஊரைப் பற்றியே கண்ணாடி முன்னால் ஆங்கிலத்தில் பேசு.

ரெண்டாம் நாள் எழுத்து மட்டும்தான், கை வலிக்கும். பன்னிரண்டு படம் பார்த்துப் பன்னிரண்டு கதை, அதில் கடைசிப் படம் வெறும் வெள்ளை. அறுபது சொல், ஒவ்வொன்றையும் பார்த்து 15 விநாடியில் ஒரு வாக்கியம். அறுபது சூழ்நிலை, ஒவ்வொன்றிலும் நீ என்ன செய்வாய் என்று எழுத மொத்தம் அரை மணி நேரம். மூளை கலைந்து, மனப்பாடம் செய்ததெல்லாம் இருபதாவது சொல்லிலேயே தீர்ந்து, நீ யாரோ அது வெளியே வந்துவிடும். அதற்காகத்தான் அந்த வேகமே.

பி.ஐ.க்யூ என்ற சுயவிவரப் படிவத்தில் பொய் மட்டும் எழுதாதே. பொழுதுபோக்கு வாசிப்பு என்று எழுதினேன், கடைசியாக வாசித்த மூன்று புத்தகம் என்ன என்று கேட்டார், முடிந்தது கதை. அப்பா தொழில் லோடுமேன் என்றே போடு. இண்டர்வியூ எடுப்பவர் நாற்பது நிமிடமும் அந்தப் படிவத்தை வைத்துத்தான் பேசுவார். முருங்கைக்காய் விலை ஏன் ஒரு மாதத்தில் ஏறி அடுத்த மாதம் குப்பையில் கொட்டுகிற மாதிரி இறங்குகிறது என்று கேட்டால், அந்த அறையில் உன்னைவிடத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

வெளிமைதானத்தில் பட்டா, பல்லி, ரஸ்ஸி என்று மூன்று சொல் காதில் விழும். பலகை, கட்டை, கயிறு. இவற்றை வைத்து, தொடக் கூடாத நிறம் பூசிய இடங்களைத் தொடாமல், ஒரு பாரத்தையும் தூக்கிக்கொண்டு குழுவாக அந்தப் பக்கம் போக வேண்டும். எங்கள் குழுவில் கட்டையையும் பலகையையும் சேர்த்துக் கட்ட ஒருத்தனுக்கும் முடிச்சுத் தெரியாமல் பாதி நேரம் அதிலேயே போனது. உங்கள் அப்பாவிடம் ஒரு நாள் கற்றுக்கொண்டு போ.

முதல் தடவை போகிறவர்களுக்கு மூன்றாம் வகுப்பு ஏசி ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைத் தொலைத்துவிடாதே.

மருந்துப்பெட்டி:

ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நுனிக்காலில் எழுந்து நில். அப்போது உள்ளங்காலில் வளைவு தெரிந்து, வலியில்லாமல் குதித்து ஓட முடிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எழுந்து நின்றும் தட்டையாகவே இருந்தால்தான் யோசனை. பி.டி சார் சொன்னதை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டு.

அதைவிட நிறையப் பேர் மாட்டுவது காதில். உள்ளே அழுக்கு அடைத்திருந்தால் செவிப்பறை தெரியாது, தெரியாவிட்டால் டாக்டர் எப்படி சரி என்று எழுதுவார்? போவதற்கு ஒரு வாரம் முன்னால் காது மூக்கு டாக்டரிடம் சுத்தம் செய்துகொள், ஊக்கு, கோழி இறகு எதையும் காதில் விடாதே. பல்லைக் காட்டு, சொத்தை இருந்தால் அடைத்துவிடு. பச்சை குத்தும் ஆசை இருந்தால் அப்படியே விட்டுவிடு. தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதினால் அதோடு முடியவில்லை, அப்பீல் போர்டு இருக்கிறது, சரிசெய்துகொண்டு போய்த் தேறியவர்கள் ஏராளம்.

கடக்வாஸ்லா92:

தம்பி, ரெண்டு தடவை திரும்பியவர் சொன்னதற்கு மேல் எஸ்.எஸ்.பி பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. விமானப் படைதான் முதல் விருப்பம் என்று போட்டிருந்தால் ஒன்று: விமானிக்கான கணினித் தேர்வு ஆயுளில் ஒரு தடவைதான், சளி காய்ச்சலோடு போய் உட்காராதே. அதில் தவறினாலும் தரைப்படை, கடற்படைக் கதவு மூடாது.

இனி உள்ளே. என்.டி.ஏ இருப்பது புனே பக்கம் கடக்வாஸ்லா ஏரிக்கரை. அங்கே முக்கியக் கட்டடமான சுதான் பிளாக்கின் குவிமாடத்தை முதலில் பார்த்தபோது என்னை அறியாமல் வாய் பிளந்து நின்றேன். இரண்டாம் உலகப் போரில் சுதானுக்காகச் சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவாக அந்த நாடு கொடுத்த பணத்தை வைத்துத் தொடங்கியது, ஜோத்பூர் செங்கல் நிறக் கல். வாய் பிளந்து நின்றது அன்று ஒரு நாள்தான். அதற்குப் பிறகு முதல் டெர்ம் (ஆறு மாதம்) முழுக்க அந்தக் கட்டடத்தை ஓடிக்கொண்டேதான் பார்த்தேன், ஏனென்றால் முதல் டெர்ம்காரன் நடக்கவே மாட்டான், எங்கே போனாலும் ஓட்டம்தான்.

மூன்று வருடம், ஆறு டெர்ம். பதினெட்டு ஸ்குவாட்ரன் (ஒன்றாகத் தங்கிப் பயிலும் பிரிவு), அதில் ஒன்றுக்கு உன்னை ஒதுக்குவார்கள், அதன்பின் சாகும்வரை நீ அந்த ஸ்குவாட்ரன்காரன். விடியுமுன்பே எழுந்து மஸ்டர் (வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவது), பிறகு பி.டி அல்லது டிரில், காலை உணவு, வகுப்பு, மதியம் சாப்பாடு, விளையாட்டு, இரவுப் படிப்பு. இதைப் படிக்கும்போது பள்ளி விடுதி மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். கஷ்டம் இவற்றுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. பி.டி முடிந்து வேர்வையோடு கேபினுக்கு ஓடி, சில நிமிடத்தில் டிரில் உடைக்கு மாறி, பெல்ட்டின் பித்தளை மின்ன, பூட்ஸ் முனையில் முகம் தெரிய, சைக்கிளோடு வரிசையில் நிற்க வேண்டும். ஒருவன் தாமதித்தால் அத்தனை பேருக்கும் தண்டனை. முதல் வாரம் எல்லாரும் அவனைத் திட்டுவோம். மூன்றாவது வாரம் நாலு பேர் சேர்ந்து அவன் பூட்ஸைப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்போம். இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தருவதில்லை.

வகுப்பில் தூக்கம் வரும். கண் திறந்தபடியே தூங்குவான் கேடட், அதாவது பயிற்சி மாணவன். ஆனால் படிப்பைக் கோட்டை விடாதே, அது டெல்லி ஜே.என்.யூ பல்கலைக்கழகப் பட்டம், பெயிலானால் ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளி ஜூனியர்களோடு உட்கார வைப்பார்கள். அங்கே பையன்கள் உண்மையாகப் பயப்படுவது அதற்குத்தான்.

இந்தி. நான் போனபோது எனக்கும் பூஜ்யம். டிரில் உஸ்தாதுகள் (பயிற்றுநர்கள்) கட்டளை போடுவது இந்தியில், 'பாயே முட்' என்றால் இடப்பக்கம் திரும்பு, 'தாஹினே முட்' என்றால் வலப்பக்கம். எனக்குக் குழம்பிக் குழம்பி வந்தது. அப்புறம் பாய் விரித்தால் நான் இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பேன் என்று மனதில் ஒரு கணக்கு வைத்தேன், அதற்குப் பிறகு தப்பியதே இல்லை. ஆறு மாதத்தில் மொழி ஒட்டிக்கொள்ளும், திட்டு வாங்கும் மொழியை எவனும் சீக்கிரம் கற்பான். பாடமும் அதிகாரிகளோடு பேச்சும் ஆங்கிலம்தான்.

நீச்சல் தெரியாதா? கற்றுத் தருவார்கள், ஆனால் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் நீ குளத்தில் இருப்பாய். ஊர்க் கிணற்றில் இப்போதே பழகிவிட்டால் அந்தத் தூக்கம் உனக்கு மிச்சம். கூடவே தினம் ஓடு, கயிறு ஏறு, தண்டால் எடு. புது ஷூ வாங்குகிறாய் என்றால் இங்கேயே போட்டு ஓடிப் பழக்கு, அங்கே கொப்புளத்துக்கு விடுமுறை கிடையாது.

அடி பற்றி. ராணுவத்தில் ரகடா என்று ஒரு சொல் உண்டு. முன்குட்டிக்கரணம், தண்டால், சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டம், இப்படி உடம்பைப் பிழியும் தண்டனை. அது இல்லை என்று உன் அம்மாவிடம் பொய் சொல்ல மாட்டேன். கை வைப்பது விதிப்படி குற்றம், அப்படி நடந்தால் டிவிஷனல் அதிகாரியிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும். அதைவிட நான் அழுத்திச் சொல்வது, வலியை மறைக்காதே. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் வருவது உலகம் முழுக்க உள்ளது. ஆண்பிள்ளை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் அது முறிவில் போய் முடியும். பயிற்சியில் காயப்பட்டு வெளியே அனுப்பப்பட்ட கேடட்டுகள் முன்னாள் ராணுவத்தினர் என்ற கணக்கில் வராமல் தவித்த விஷயத்தை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்தது. இது தெரிந்து போவது நல்லது.

செலவு: பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாம் அரசு. கைச்செலவுக்கு மட்டும் வீட்டிலிருந்து கட்ட வேண்டும், சேரும்போதும் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உதவித்தொகைக்கு வழி இருக்கிறது, தேர்வு அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள், கடைசிப் பக்கங்களை வாசி. தரைப்படை என்றால் மூன்று வருடம் முடிந்து டேராடூன் ராணுவ அகாடமியில் ஒரு வருடம், அந்த வருடம் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. ஆனால் சேரும்போது பெற்றோர் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள்: பிடிக்கவில்லை என்று நீயாக நடுவில் வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அப்பாவுக்கு இதைத் தமிழில் வாசித்துச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கு.

பொள்ளாச்சி_அம்மா:

கண்ணு, நான் உங்க அம்மாவுக்காக எழுதுகிறேன், போனைக் கொடுத்து வாசிக்கச் சொல். என் பையன் இப்போது ரெண்டாவது டெர்ம்.

புனேயில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு ரயிலில் நான் வாயே திறக்கவில்லை. முதல் கொஞ்ச நாள் போன் இல்லை, அது எங்களுக்கு முன்னாலேயே தெரியாததால் நான் பட்ட பாடு இருக்கிறதே. நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போன் வராவிட்டால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். முதல் தடவை பேசினபோது "அம்மா, இன்னைக்கு நல்ல ரகடா" என்றான். எனக்குப் பானிபூரிக் கடை ரகடாதான் தெரியும். "வயிறு நிறைய சாப்பிட்டியா சாமி" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த பையன்களும் சிரித்தார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டெர்ம் லீவுக்கு வந்தபோது ஆளே மெலிந்து, கறுத்து, கழுத்து மட்டும் நீளமாக இருந்தான். காலையில் நாலரை மணிக்கு அடுப்படிக்குப் போகிறேன், இவன் கட்டில் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறான், கண் மூடியிருக்கிறது. தூக்கத்திலேயே எழுந்து நின்றிருக்கிறான். தோளைத் தொட்டுப் படு சாமி என்றதும் அப்படியே விழுந்து பதினொன்று வரைக்கும் தூங்கினான். எட்டு இட்லியை நான் சட்னி ஊற்றித் திரும்புவதற்குள் முடித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். முன்பெல்லாம் தட்டை எடுத்து வைக்கச் சொல்லி நான் கத்தாத நாளில்லை. கழுவுகிறானே என்று சந்தோஷப்படுவதா, இப்படி அவசரமாகத் தின்கிறானே என்று அழுவதா, எனக்கு இன்னும் தெரியவில்லை கண்ணு.

எழுதிக் கொடுத்த பட்டியலில் இருப்பதை மட்டும் வாங்குங்கள், முறுக்கு அதிரசம் டின் டின்னாகக் கட்டாதீர்கள், நாங்கள் கட்டினோம், அவன் வாயில் ஒன்றிரண்டுதான் போனது. வெள்ளை பனியன், சாக்ஸ் மட்டும் கூடுதலாக வையுங்கள். காயவே நேரம் இருக்காதாம்.

கயல்_பன்னிரண்டு_பி:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். பொண்ணுங்களுக்கும் இதே மாதிரிதானா, இல்லை தனியா?

கடக்வாஸ்லா92:

அதே தேர்வு, அதே எஸ்.எஸ்.பி, அதே மைதானம் மகளே. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கதவு திறந்தது. 2022-ல் முதல் அணியாக 19 பெண்கள் சேர்ந்தார்கள், அவர்களில் 17 பேர் 2025 மே 30-ல் முடித்து வெளியே வந்தார்கள். உடல் தகுதி அளவுகளில் சில வேறுபாடு உண்டு. சைக்கிள் அதேதான், எடை குறைத்துத் தர மாட்டார்கள். உங்களுக்கு இடங்கள் குறைவு, கணக்கை விட்டுவிடாதே.

சத்திரத்துப்பையன்:

எல்லாருக்கும் நன்றி. நுனிக்காலில் நின்று அம்மாவை விட்டுப் பார்க்கச் சொன்னேன், வளைவு தெரிகிறதாம். இருந்தாலும் திங்கள்கிழமை ஜி.எச் போய்க் காதையும் சேர்த்துக் காட்டிவிட்டு வருகிறேன். கோச்சிங்குக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பொள்ளாச்சி அம்மா எழுதியதை அம்மா ரெண்டு தடவை வாசித்தார்கள். ரகடா இடத்தில் சிரித்தார்கள், கட்டில் பக்கத்தில் நின்ற இடத்தில் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். ஆனால் இன்று மதியம் சாப்பிட்டார்கள்.

பத்திரம் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன், ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பலகை கட்டை கயிறு கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாமா பரீட்சை வைக்கிறாங்க" என்றார். ராத்திரி கேரளா லோடு ஏறும்போது மார்க்கெட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், தார்ப்பாய் மேல் கயிறு இழுத்துக் கட்டும் முடிச்சை முதலில் காட்டுகிறாராம். கிளம்புகிறேன்.